பொருளாதாரத்தைத் தண்ணீரில் ஓடவிட்டவர்

1949 நவம்பரில், லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் பேராசிரியர்கள் ஓர் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். சுமார் 2 மீட்டர் உயரம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டிகள், குழாய்கள், உள்ளே வண்ணத் தண்ணீர். செய்தவர் பில் பிலிப்ஸ். நியூசிலாந்தில் 1914-இல் பிறந்த மின்பொறியாளர். போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, ஜாவா சிறைமுகாமில் திருட்டுத்தனமாக ரேடியோ செய்துகொடுத்த கை அது. குராய்டனில், தான் குடியிருந்த வீட்டின் கார் ஷெட்டில், பழைய போர் விமான உதிரிப்பாகங்களையும் சேர்த்துப் போட்டு இதைச் செய்திருந்தார்.

பணப்புழக்கம் என்று நாம் சொல்கிறோமே, அது இதில் கண்ணெதிரே நடக்கும். நாட்டின் வருமானம் மேலிருந்து தண்ணீராக இறங்கும். முதலில் வரிக்கு ஒரு கிளை பிரியும், அப்புறம் சேமிப்புக்கு ஒன்று. மிச்சம்தான் மக்களின் செலவு. அதிலும் கொஞ்சம் இறக்குமதியாக வெளியே போய்விடும். முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி மூன்றும் பக்கவாட்டிலிருந்து வந்து கலக்கும். கீழே சேர்ந்ததை மோட்டார் திரும்ப மேலே ஏற்றிவிடும்.

சரி, அரசுச் செலவின் மடையைக் கொஞ்சம் திறந்தால்? கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறும். மிதவை எழும்பும், அதில் கட்டிய கயிறு மற்ற மடைகளை அசைக்கும். ஏறிய தண்ணீர் இன்னொரு சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் வரி, சேமிப்பு, இறக்குமதி என்று கசிவதால் உயர்வு குறைந்துகொண்டே போய், கடைசியில் மட்டம் ஓரிடத்தில் நிற்கும். அரசு கூடுதலாக விட்டதைவிட வருமானம் அதிகமாகவே ஏறியிருக்கும். பாடப்புத்தகத்தில் ‘பெருக்கி’ என்று சூத்திரமாக வருவது இதுதான். ஓரத்தில் ஒரு பேனா அந்த ஏற்றத்தைக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும்.

வேலையின்மையையும் கூலி உயர்வையும் இணைத்து அவர் 1958-இல் எழுதிய கட்டுரைதான், ‘பிலிப்ஸ் வளைவு’ என்ற பெயரில் புகழ்பெற்றது. எனக்கு இந்தத் தொட்டிகள்தான் பெரிதாகப் படுகின்றன. காரணம், காகிதச் சமன்பாட்டில் காணாமல் போகிற தாமதம் இதில் தெரிகிறது. மடையைத் திருப்பிய உடனே மட்டம் மாறாது.

பேராசிரியர் ஜேம்ஸ் மீட் வகுப்பில் ஒரு மாணவரை நிதியமைச்சராகவும் இன்னொருவரை மத்திய வங்கித் தலைவராகவும் நிறுத்தி, வருமானத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்வார். இருவரும் தனித்தனியே, தண்ணீர் வருவதற்குள் அவசரப்பட்டுத் திருப்புவார்கள். மட்டம் கன்னாபின்னாவென்று ஏறி இறங்கும். எவ்வளவு திருப்புவது என்பதோடு, எப்போது திருப்புவது என்பதையும் கணக்கிட பிலிப்ஸ் பிறகு பல ஆண்டுகள் உழைத்தார்.