பாரோட்ராமா: அழுத்தமாற்றக் காயம்

காற்றாலைகளால் காட்டுயிர்களுக்கு என்ன ஆகிறது என்று பேசும் கட்டுரைகளில் பாரோட்ராமா என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. சுழலும் இறக்கைக்கு அருகே பறந்தாலே வௌவாலின் நுரையீரல் வெடித்துவிடும், அதன் பெயர்தான் பாரோட்ராமா என்று பலரும் எழுதுகிறார்கள். இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ்ச்சொல் தேவை. ஆனால் அதைத் தேடும்போதே, இது உண்மையில் எந்த உயிருக்குப் பொருந்துகிறது, எதற்குப் பொருந்தவில்லை என்றும் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் வௌவால் விஷயத்தில் இந்தச் சொல் அளவுக்கு மீறிப் பரவிவிட்டது. மீன் விஷயத்தில் இதைச் சொல்ல வேண்டிய அளவுக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் வேர். இது இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. பாரோஸ் என்றால் எடை, கனம். ட்ராமா என்றால் காயம். பாரோஸ் என்றதும் நம் 'பாரம்' நினைவுக்கு வரும். ஒலி ஒத்துப்போனாலும் வேர் ஒன்றல்ல. பாரம் என்பது சுமத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பாரோஸுக்கு வடமொழியில் உறவுச்சொல் 'குரு'. கனமானது என்பதுதான் அதன் பழைய பொருள். காற்றுக்கும் எடை உண்டு, அந்த எடை நம்மை அழுத்துகிறது என்பது 17ஆம் நூற்றாண்டில் தெளிவானபோது, அதை அளக்கும் கருவிக்கு பாரோமீட்டர் என்று பெயர் வைத்தார்கள். வானிலை வரைபடத்தில் உள்ள ஐசோபார், புயல் அறிக்கையில் கேட்ட மில்லிபார் எல்லாம் அதே குடும்பம். ட்ராமாவை நாம் மருத்துவமனை வாசலில் விபத்துச் சிகிச்சைப் பிரிவின் பெயராகவும், இப்போது மனக்காயத்தைக் குறிக்கும் சொல்லாகவும் அறிவோம். இரண்டும் சேர்ந்த பாரோட்ராமா 20ஆம் நூற்றாண்டில் விமானிகளுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் வரும் காது, நுரையீரல் காயங்களைக் குறிக்கப் புழக்கத்துக்கு வந்தது. காட்டுயிர்த் துறை அதை மருத்துவத்திடமிருந்து எடுத்துக்கொண்டது.

காயம் உண்டாகும் விதம் எளிது. உடம்புக்குள் காற்று அடைபட்ட இடங்கள் உண்டு: நடுச்செவி, நுரையீரல், மீனுக்கு நெட்டி என்ற காற்றுப்பை. வெளியே அழுத்தம் ஏறினால் அந்தக் காற்று சுருங்கும், இறங்கினால் விரியும். கடலில் 10 மீட்டர் ஆழம் போனாலே அழுத்தம் இரண்டு மடங்காகி, அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகிவிடும். அந்த மாற்றத்துக்கு ஏற்பக் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி இல்லையென்றால், சுற்றியுள்ள தசையும் சவ்வும் ரத்தக்குழாயும் இழுபட்டுக் கிழியும். தூத்துக்குடிச் சங்குகுளித் தொழிலாளர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் காற்றை உந்தி அழுத்தத்தைச் சரி செய்யாமல் இறங்கினால் செவிப்பறை என்ன பாடுபடும் என்பது அவர்கள் உடம்பறிந்த விஷயம். ஆழ்கடலில் தூண்டிலில் மாட்டிய கலவாவை மேலே இழுக்கும்போது நடப்பது இதன் மறுபக்கம். நெட்டியில் உள்ள காற்று விரிந்துகொண்டே வர, வயிறு பலூன் போல உப்பி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கி, கண் வெளியே தள்ளி நிற்கும். அந்த மீனைத் திருப்பிக் கடலில் விட்டாலும் தானாக ஆழத்துக்குப் போக முடியாமல் மிதக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்பது காயத்தைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு மாறியது, எவ்வளவு வேகமாக மாறியது, உயிரின் உடல் அதற்கு ஈடுகொடுத்ததா என்பவைதான் தீர்மானிக்கின்றன. சமவெளியிலிருந்து கொடைக்கானல் போகும் பேருந்தில் நம்மைச் சுற்றிய காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆவதால் காயம் ஏதும் இல்லை.

சரி, வௌவாலுக்கு வருவோம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் காற்றாலைகளுக்கடியில் நிறைய வௌவால்கள் செத்துக் கிடந்தன. பெரும்பாலும் மரங்களில் தங்கி, பருவம் மாறும்போது வலசை போகும் இனங்கள். பலவற்றில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் பேர்வால்டும் உடன் ஆய்வாளர்களும் அவற்றை அறுத்துப் பார்த்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 விழுக்காடு வௌவால்களில் உடலுக்குள் ரத்தக்கசிவு. இறக்கையில் மோதியதற்கான தடயம் பாதி அளவில்தான். சுழலும் இறக்கையின் நுனிப்பக்கம் காற்றழுத்தம் 5 முதல் 10 கிலோபாஸ்கல் வரை சட்டென்று குறைகிறது, அந்தப் பகுதிக்குள் நுழைந்த வௌவாலின் நுரையீரல் திடீரென விரிந்து ரத்தக்குழாய்கள் வெடிக்கின்றன என்று விளக்கினார்கள். பறவைகள் ஏன் இப்படிச் சாவதில்லை என்பதற்கும் பதில் இருந்தது. பாலூட்டியான வௌவாலின் நுரையீரல் நெகிழ்ந்து விரியும். பறவையின் நுரையீரல் விறைப்பானது, விரிவதில்லை.

விளக்கம் அழகாக இருந்ததால் சட்டென்று பரவியது. அப்புறம் வந்த ஆய்வுகள் அவ்வளவாகப் பரவவில்லை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு காற்றாலைப் பண்ணையில் இறந்த வௌவால்களைக் கால்நடை நோய்க்கூறு வல்லுநர்கள் ஆராய்ந்து 2012இல் எழுதியது வேறு கதை. பெரும்பாலானவற்றில் எலும்பு முறிவு உட்பட, அடிபட்டதற்கான தெளிவான அடையாளங்கள் இருந்தன. அதைவிட முக்கியமான ஒன்றையும் காட்டினார்கள். இறந்து நேரமாகிப்போன உடலிலும், உறைய வைத்து எடுத்த உடலிலும் நுரையீரல் தானாகவே அழுத்தத்தால் சிதைந்ததுபோலத் தோற்றம் கொள்ளும். பலமாக அடிபட்டாலும் நுரையீரலில் ரத்தம் கசியும். ஆக, ரத்தக்கசிவை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. 2020இல் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இறக்கையைச் சுற்றி அழுத்தம் எப்படி மாறுகிறது என்று கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பெரிய அழுத்த வீழ்ச்சி இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிய சிறு பகுதியில்தான் இருக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் போகும் வௌவால், மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிப் பாயும் இறக்கை நுனியிடமிருந்து அடிபடாமல் தப்புவது அரிது. சிறு பாலூட்டிகளைக் கொல்லத் தேவையான அளவுக்கு அந்த மாற்றம் போவதில்லை என்றும் கணக்கு சொன்னது. சில வௌவால்களில் செவிப்பறை கிழிந்திருந்தது உண்மை. அதனால் அழுத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஆனால் காற்றாலை வௌவால் சாவுக்கெல்லாம் பாரோட்ராமா என்று பெயர் சூட்டுவது தவறு. பெரும்பாலும் அது மோதிச் சாவது. அதற்கு 'இறக்கையடி' என்று எழுதினால் போதும், எல்லாருக்கும் புரியும்.

காரணம் எதுவானாலும் வௌவாலைக் காப்பாற்றும் வழி ஒன்றுதான். காற்று மெதுவாக வீசும் இரவுகளில்தான் அவை அதிகம் பறக்கின்றன. பென்சில்வேனியாவில் எட்வர்ட் ஆர்னெட் குழுவினர் ஒரு காற்றாலைப் பண்ணையில், காற்று நொடிக்கு 5 அல்லது 6.5 மீட்டர் வேகத்தைத் தொடும்வரை இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்தார்கள். வௌவால் சாவு 44 முதல் 93 விழுக்காடு வரை குறைந்தது. அந்த மெல்லிய காற்றில் கிடைக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். இவ்வளவு மலிவான தீர்வு கையில் இருக்கும்போது, பண்ணை நடத்துகிறவர்கள் அதைச் செய்யத் தயங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாரோட்ராமா என்ற சொல் முழுப் பொருளில் பொருந்துவது கடலில். கடல் காற்றாலையின் தூண், பல மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். அதைக் கடலடி மண்ணில் இறக்க ஹைட்ராலிக் சம்மட்டியால் ஆயிரக்கணக்கான தடவை அடிப்பார்கள். ஒவ்வொரு அடியிலும் நீரில் அழுத்தம் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது. அருகே உள்ள மீனின் நெட்டி அதற்கேற்ப நொடிக்குள் சுருங்கி விரிந்து, பக்கத்திலுள்ள சிறுநீரகத்தையும் ஈரலையும் இடிக்கிறது. ரத்தத்தில் கரைந்த வாயு குமிழாகப் பிரிவதும் உண்டு. மிஷேல் ஹால்வர்சன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில் மூன்று வகை மீன்களுக்கு இந்தச் சம்மட்டி ஒலியைக் கேட்கவைத்தார்கள். முதலாவது நம் குளங்களில் ஜிலேபி என்று பிடிக்கிற திலாப்பியா. அதன் நெட்டிக்கு வாய்வழித் திறப்பு இல்லை. இரண்டாவது ஸ்டர்ஜன், அதன் நெட்டியிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு குழல் போகிறது, காற்றை வெளியேற்ற முடியும். மூன்றாவது நம்மூர் நாக்கு மீனைப் போலத் தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு தட்டை மீன். அதற்கு நெட்டியே இல்லை. திலாப்பியாவுக்குக் காயம் அதிகம், ஸ்டர்ஜனுக்குக் குறைவு, தட்டை மீனுக்கு ஒன்றுமே இல்லை. அடைபட்ட காற்றும் அதற்கு வழியின்மையும்தான் காரணம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

தீர்வும் உண்டு. தூணைச் சுற்றிக் கடல் தரையில் துளையிட்ட குழாயை வளையமாகப் பரப்பி அழுத்தக் காற்றைச் செலுத்தினால் குமிழித் திரை எழும்பி ஒலியைத் தடுக்கும். தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனி வரம்பு வைத்திருப்பதால் வட கடலில் இது வழக்கமாகிவிட்டது. அந்த வரம்பு முதன்மையாக ஹார்பர் பார்பாய்ஸ் என்ற சிறு கடற்பாலூட்டியின் செவித்திறனைக் காக்க வந்தது. ஒலியால் செவி மந்தமாவது வேறு, அழுத்தமாற்றத்தால் உறுப்பு கிழிவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

இனி தமிழ்ச்சொல். 'காற்றழுத்தக் காயம்' என்றால் நீருக்குள் நடப்பது விட்டுப்போகும். 'அழுத்தக் காயம்' சுருக்கமானதுதான். ஆனால் படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு வரும் அழுத்தப்புண்ணோடு குழம்பும். நசுங்கியதால் வந்த காயம் என்றும் தோன்றும். ட்ராமாவுக்குப் 'புண்' சரிவராது. புண் வெளியே தெரிவது, ஆறாமல் கிடப்பது. இது உள்ளே நொடியில் நேர்வது. 'ஊறு' பழைய, வலுவான சொல். ஆனால் இன்று பொதுவான தீங்கு என்றே படிப்பார்கள். உட்காயம் என்று நாம் ஏற்கெனவே சொல்வதால் 'காயம்' இயல்பாக அமர்கிறது. ஆகவே நான் பரிந்துரைப்பது 'அழுத்தமாற்றக் காயம்'. கொஞ்சம் நீளம்தான். ஆனால் நடுவில் உள்ள 'மாற்றம்' கிரேக்கச் சொல்லில்கூட இல்லாத ஒரு தெளிவைத் தருகிறது. எவ்வளவு மாற்றம், எவ்வளவு வேகத்தில் என்று படிப்பவரைக் கேட்கத் தூண்டும். இலங்கைப் பாடநூல் வழக்கில் அழுத்தத்துக்கு அமுக்கம் என்பார்கள். தாழமுக்கம், குருதியமுக்கம் என்று எழுதிப் பழகியவர்கள் 'அமுக்கமாற்றக் காயம்' என்று எழுதலாம். வினையாக வரும்போது 'மீன்கள் அழுத்தமாற்றத்தால் காயம்பட்டன' என்று பிரித்து எழுதுவதே படிக்க எளிது.

இந்தச் சொல் நமக்கு விரைவில் தேவைப்படும். குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு ஒன்றிய அரசு 2024 ஜூனில் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் இதற்காகப் பார்க்கப்படும் இடம் மன்னார் வளைகுடாப் பக்கம். அங்கே மீனவர்களுக்குத் தமிழில் தரப்படும் அறிக்கையில் 'மீன்களுக்குச் சிறு பாதிப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், நெட்டியுள்ள மீன்களில் எவற்றுக்கு, தூணிலிருந்து எத்தனை மீட்டர் வரை, எந்த மாதங்களில் அழுத்தமாற்றக் காயம் நேரலாம், குமிழித் திரை போடப்படுமா என்று எழுத வேண்டும்.