மழை எப்போது வந்தது?

அந்தப் பாட்டு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது என்று நான் சொல்கிறேன். மழை விட்ட பிறகுதான் பாடினார்கள் என்கிறாள் அக்கா. இருவரும் ஒரே குடைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்த்த திறந்தவெளிக் கச்சேரி அது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆளுக்கொரு கச்சேரி ஆகிவிட்டது.

ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வந்த ரசிகர்கள் கூடிப் பேசும்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இந்தச் சண்டை தவறாமல் வரும். முதல் பாட்டு எது, மைக் மக்கர் செய்தது எந்த இடத்தில், பாடகரின் கண்ணில் தெரிந்தது கண்ணீரா வியர்வையா. ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள், ஒருவருக்கும் பொய் சொல்லும் எண்ணம் இருக்காது. அன்றிரவு நம் மூளை வீட்டுக்கு எடுத்துவருவது வெறும் துண்டு துணுக்குகளைத்தான். அவற்றைக் கோத்து ஒரு கச்சேரியாக்கும் வேலை அடுத்தடுத்த நாட்களில் நடக்கிறது. அதில் பாதி வேலை பேச்சில்தான் நடக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அந்தத் துண்டுகளைப் பார்ப்போம். இயர்போனில் கேட்கும் அதே பாட்டு கச்சேரியில் வேறொன்றாகத் தெரிவதற்கு ஆளுயர ஸ்பீக்கர்கள் ஒரு காரணம். 50 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியில் ஓர் அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர். இயர்போன் அதைக் காதுக்குள் மட்டும் விடும். மேடை ஸ்பீக்கர் ஆளையே அந்த அலைக்குள் நிறுத்திவிடும். நெஞ்சுக்கூடு அதிர்கிறது, தரை அதிர்வது பாதத்தில் தெரிகிறது. போதாக்குறைக்கு, உட்செவியில் கேட்கும் உறுப்பை ஒட்டியே உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்புகளும் இருக்கின்றன. அவற்றில் சாக்யூல் என்ற சிறு பை, ஒலி பலமாகவும் சுருதி தாழ்ந்தும் இருந்தால் தானும் கிளர்ச்சி அடைகிறது. ஊஞ்சலில் ஆடும்போது வேலை செய்யும் உறுப்பு அது. கச்சேரியை ஓரளவு நாம் ஊஞ்சலாகவும் அனுபவிக்கிறோம்.

கனடாவில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே கட்டிய இசை அரங்கம் ஒன்று உண்டு. அங்கே ஒரு மின்னணு நடன இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஆட வந்தவர்கள் அசைவை அளக்கும் பட்டையைத் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த ஒலி ஓடிய நேரங்களில் அவர்களுடைய அசைவு ஏறத்தாழ 12 சதவீதம் கூடியிருந்தது. அது எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று மட்டும் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. 2022-இல் வெளியான முடிவு இது. நாம் ஏன் ஆடினோம் என்பதே நமக்குத் தெரியாது. இந்த லட்சணத்தில் மழை வந்த நேரத்துக்குச் சத்தியம் வேறு!

சரி, உடம்புக்குள் வந்தது மூளையில் எப்படித் தங்குகிறது? நடந்த ஒன்றை இடம், நேரம், ஆட்களோடு சேர்த்து முடிச்சுப் போடுவது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அதன் அருகிலேயே பாதாம்பருப்பு அளவில் இருக்கிறது அமிக்டலா. மனம் பரபரப்பாகும்போது உடம்பில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சுரக்கும். அப்போது அமிக்டலா ஹிப்போகேம்பஸைத் தட்டி, இதைக் கொஞ்சம் அழுத்திப் பதிவு செய் என்கிறது. ஒரே வழியில் தினமும் வேலைக்குப் போய்வந்த நூறு நாளும் மறந்துபோக, கச்சேரி இரவு மட்டும் நிற்பது இதனால்தான். பதிவு அங்கேயே அப்போதே முடிந்துவிடுவதும் இல்லை. அடுத்த சில மணி நேரங்களிலும், அன்றைய தூக்கத்திலும் அது மெல்ல இறுகுகிறது.

இதில் காத்திருப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. மாண்ட்ரியலில் 2011-இல் செய்த ஆய்வில், மயிர்க்கூச்செறிய வைக்கும் பாட்டுகளை ரசிகர்களே தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள். அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, சிலிர்க்கும் அந்த உச்ச நொடியில், இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பது தெரிந்தது. உச்சம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கியிருந்ததும் தெரிந்தது. விளக்குகள் அணைந்து, மேடையில் இன்னும் யாரும் வராத அந்த அரை நிமிடத்தை ஏன் இத்தனை பேர் விவரித்துச் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பரபரப்பு அளவு மீறினால் கதை மாறிவிடும். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2023-இல் தொடங்கிய இசைப் பயணத்தில் ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரத்துக்கு மேல், நாற்பதுக்கும் அதிகமான பாட்டுகள். மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு வந்த ரசிகர்கள் பலர், ஒன்றுமே ஞாபகம் இல்லை, கனவு மாதிரி இருக்கிறது என்று புலம்பினார்கள். கச்சேரி மறதி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இது நோய் எதுவும் இல்லை. கவனம் என்பது குறுகலான வாசல். ஒளி, ஒலி, கூட்டத்தின் கூச்சல், கூடவே பாடும் நம் சொந்தக் குரல் என எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் உள்ளே போவது கொஞ்சம்தான். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியும் குறைவு. முந்தையது ஊறுவதற்குள் அடுத்தது வந்து மேலே விழுகிறது.

உள்ளே போனவற்றிலும் எல்லாத் துண்டுக்கும் சம மதிப்பு கிடையாது. உளவியலாளர் டேனியல் கானெமனும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இசைக்குத் துளியும் சம்பந்தமில்லாதது. 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு மேலும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். மூன்றாவதாக எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதம். ஓர் அனுபவத்தை மனம் எடைபோடும்போது அதன் உச்சத்தையும் முடிவையும் பார்க்கிறது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டைக் கடைசிக்கென்று ஒதுக்கிவைக்கும் இசைக்குழுக்கள் எந்த ஆய்வையும் படித்துவிட்டு அப்படிச் செய்வதில்லை. நடுவில் வந்த மூன்று புதுப் பாட்டுகளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

இவ்வளவு மறக்கும் நாம் இசையையே மறந்துவிடுகிறோமா என்றால், அதுவும் இல்லை. ஆய்வாளர் டேனியல் லெவிட்டின் ஆட்களை அழைத்து, பிடித்த பிரபலப் பாட்டு ஒன்றை ஞாபகத்திலிருந்து பாடச் சொன்னார். பாடிய வேகத்தை அசல் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டால், பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை 8 சதவீத வித்தியாசத்துக்குள் அடங்கின. அவர்கள் தேர்ந்த பாடகர்களும் அல்ல. நூறு முறை கேட்ட பாட்டு அப்படிக் கல்லில் வெட்டியதுபோல் நிற்கிறது. கச்சேரியோ ஒரே ஒரு முறை நடப்பது. அங்கே பாடகர் சரணத்தை இழுத்துப் பாடியிருப்பார், ஒரு வரியை விட்டிருப்பார். நினைவு கூரும்போது, நன்றாகத் தெரிந்த அசல் பாட்டு வந்து அந்த இடைவெளிகளை அடைத்துவிடும்.

இனி பேச்சுக்கு வருவோம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் செய்தியை எங்கே, எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னதில் எந்த முக்கிய விவரமும் அன்று எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் நம்பிக்கைக்குக் குறைச்சலில்லை. சொந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. தெளிவாக இருக்கிறது என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று அதிலிருந்து தெரிந்தது.

தனியாக இருக்கும்போதே இப்படியென்றால், கூட்டமாகப் பேசும்போது கேட்கவே வேண்டாம். உளவியலாளர் ஹென்றி ரோடிகரும் கூட்டாளிகளும் 2001-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். இருவர் சேர்ந்து சமையலறை போன்ற சில படங்களைப் பார்ப்பார்கள். பிறகு கண்ட பொருள்களை மாறி மாறிச் சொல்வார்கள். இருவரில் ஒருவர் ஆய்வாளரின் ஆள். படத்தில் இல்லாத ஒன்றிரண்டையும் நடுவில் சொல்லி வைப்பார். பிற்பாடு தனியாக எழுதும்போது, மற்றவர் அந்த இல்லாத பொருள்களையும் தாமே கண்டதாக எழுதுகிறார். சமையலறையில் இருக்கக்கூடிய சாமான் என்றால் இன்னும் எளிதாகத் தொற்றுகிறது. கச்சேரியில் இருக்கக்கூடிய சாமான்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள்: கையசைத்த பாடகர், மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் பாடியது, ஏன், மழையும்தான்.

இதற்கு வரலாற்றிலேயே அழகான உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1976 ஜூன் 4 அன்று, அவ்வளவாகப் பெயர் தெரியாத செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு ஒரு சிறு அரங்கில் வாசித்தது. வந்திருந்தவர்கள் சில டஜன் பேர். அவர்களில் பலர் பிறகு தாங்களே இசைக்குழு தொடங்கிப் பெயர் பெற்றதால், அந்த இரவு ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. நானும் அங்கே இருந்தேன் என்று பிற்காலத்தில் சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் ஆயிரக்கணக்கில் வரும். சிலர் புளுகியிருக்கலாம். ஆனால் அதே குழு ஆறே வாரத்தில், ஜூலை 20 அன்று, அதே அரங்குக்குத் திரும்பி வந்து இன்னும் பெரிய கூட்டத்துக்கு வாசித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காட்சி மனதில் பத்திரமாக இருக்கும், அது எந்த நாளில் கண்டது என்ற சீட்டு மட்டும் கழன்று விழுந்திருக்கும். தான் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்ற சீட்டும் அதே லேசான பசையில்தான் ஒட்டியிருக்கிறது.

அதற்காகப் பேசாமல் இருக்கச் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொல்வது என்பது அந்த நினைவை மறுபடி எடுத்துப் பயிற்சி செய்வது. எடுக்க எடுக்க அது வலுப்படும். யாரிடமும் சொல்லாத கச்சேரி சீக்கிரம் மங்கிவிடும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. மூன்று பேர் தனித்தனியே நினைவு கூர்ந்து எழுதி, அவற்றை ஒன்றுசேர்த்தால் கிடைப்பதைவிட, மூவரும் கூடி உட்கார்ந்து நினைவு கூரும்போது குறைவாகவே கிடைக்கிறது. முதலில் பேசுபவர் போடும் பாதையில் மற்றவர்கள் நடக்கத் தொடங்கி, தத்தம் பாதையைத் தொலைத்துவிடுகிறார்கள். எனவே வீடு திரும்பியதும் பத்து வரி கிறுக்கி வைத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களோடு அரட்டைக்குப் போவது நல்லது. நான் அப்படிச் செய்யவில்லை என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஓர் இடத்தைச் சுற்றிப் பார்த்தபடி விருப்பப்பட்டுப் படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது நன்றாக நினைவிருந்தது, காதால் கேட்டது குறைந்துபோனது என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பரவாயில்லை, பாட்டுக் கேட்கப் போன இடத்தில் இது நஷ்ட வியாபாரம். என் போனில் அந்தப் பாட்டு 40 நொடிக்கு இருக்கிறது. அதில் முக்கால்வாசி முன்னால் நின்றவரின் முழங்கை. மிச்சத்தில் ஒலி கரகரக்கிறது. மழை இருந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இடையில் ஒன்று. மறுநாள் காலை காதில் ரீங்காரம் கேட்டால் அதைக் கச்சேரியின் இனிய மிச்சம் என்று கொண்டாட வேண்டாம். உட்செவியின் மயிர்ச் செல்கள் அடிபட்டிருக்கின்றன என்பதற்கு அடையாளம் அது. இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரம்பு வகுத்திருக்கிறது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்பவர் காதடைப்பான் வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகு, மழை எனக்குள் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மெல்லத்தான் பிடிபட்டது. கச்சேரி முடிந்து வண்டியில் திரும்பும்போது எங்களோடு வந்த தோழி, மழையில் நனைந்துகொண்டே அந்தப் பாட்டைக் கேட்டது எப்படி இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். என் மழை அவள் கொடுத்ததாக இருக்கலாம்.

தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்று அக்காவைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"அவளா? அவ மழை விட்டப்புறம்னுதானே சொன்னா," என்றாள். "அவ சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்தது."