எலிக்குப் பலித்த மருந்துக்கு 50 லட்சம் கிடைக்குமா?

மனித மரபணு பொருத்திய எலிகளில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட், ஏஞ்சல்மன் போன்ற அரிய மரபணு நோய்களுக்கு மருந்து பலித்தது என்று செய்தி வந்தால் போதும், அதை அச்செடுத்துக்கொண்டு பெற்றோர் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். அரசு 50 லட்சம் தருகிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அங்கே இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக அலைய விடுவார்களே தவிர, கிடைக்காது என்று நேராகச் சொல்ல ஆளில்லை.

2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி இருப்பது உண்மை. ஆனால் நோயின் பெயர் அதன் பட்டியலில் இருக்க வேண்டும். சிகிச்சையும் ஏற்கெனவே நடைமுறையில் இருக்க வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கு வராது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற சிறப்பு மையத்துக்குத்தான் போகும். வேறிடத்தில் செலவழித்துவிட்டுப் பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று கடன் வாங்கிவிடாதீர்கள்.

சில மருந்துகள் மனித மரபணுவின் எழுத்து வரிசையை மட்டுமே அடையாளம் காணும். அதைச் சோதிக்கத்தான் எலிக்கு நம் மரபணுவைப் பொருத்துகிறார்கள். அங்கே பலித்தால் மனிதச் சோதனைக்கு வழி பிறக்கும், அவ்வளவுதான். ரெட் நோயுள்ள எலிகளின் அறிகுறிகளைப் போக்க முடியும் என்று 2007-லேயே காட்டிவிட்டார்கள். அந்த நோய்க்கான முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2023-இல். அதுவும் நோயைக் குணமாக்கும் மருந்தல்ல.

மரபணு அறிக்கையையும் கவனித்துப் படியுங்கள். 'நோய்க்குக் காரணமா என்று உறுதியாகாத மாற்றம்' என்ற பொருளில் எழுதியிருந்தால், நோய் உறுதியானதாகக் கொள்ள மாட்டார்கள். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பரிசோதித்தால் பல நேரம் தெளிவு கிடைக்கும்.

இன்றைக்கே கைக்கு எட்டுவது மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ரெட் என்ற பெயர் கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லி நின்றால் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று குழந்தைக்குப் பொருந்துகிற வகையில் கேளுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழில் இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பொறி. 'நாள்பட்ட நரம்பியல் நிலை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் செல்லும். ஆனால் நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு கிடைக்காது. அந்தத் திட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கை மட்டுமே ஏற்கும். பயிற்சிச் சிகிச்சை உட்பட ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீடு அது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். செலவழித்த பிறகுதான் பணம் திரும்பும் என்பதால், அசல் பில்லை எந்த அலுவலகத்திலும் நகல் வைத்துக்கொள்ளாமல் கொடுக்காதீர்கள்.