ஆர்டர் என்ட்ரி: உள்ளீடா, பதிவா?

லாரி புக்கிங் ஆபீஸ், துறைமுகத்துச் சரக்கு முகவர் அலுவலகம், பார்சல் கம்பெனி, எங்கே போனாலும் ‘ஆர்டர் என்ட்ரி’ என்ற பேச்சு இருக்கும். வாடிக்கையாளர் அனுப்பிய மெயிலையோ வாட்ஸ்அப் செய்தியையோ பிடிஎஃப்பையோ ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருக்கிற அனுப்புநர், பெறுநர், எடை, பெட்டிக் கணக்கு, தேதி எல்லாவற்றையும் கம்பெனி மென்பொருளின் கட்டங்களில் ஒருவர் தட்டிப் போடுவாரே, அந்த வேலைதான். இப்போது அதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கிறார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஆர்டர் தரவு உள்ளீட்டைத் தானியங்குமயமாக்கல்’ என்று எழுதுகிறார்கள். நீளத்தைக்கூட விட்டுவிடலாம், ‘உள்ளீடு’ என்ற சொல் அங்கே உட்கார்ந்திருப்பது சரியில்லை என்பதுதான் என் வாதம். அதைச் சொல்ல, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆர்டர். லத்தீன் ‘ஓர்டோ’வுக்கு வரிசை என்று பொருள், தறியில் வரிசையாக நிற்கும் நூல்களைக் குறித்த சொல்லாக அது தொடங்கியிருக்கலாம் என்பது சொல்பிறப்பு அகராதிகளின் கணிப்பு. வரிசை ஒழுங்காகி, ஒழுங்கு கட்டளையாகி, கடைசியில் ‘இந்தப் பொருளை எனக்கு அனுப்பு’ என்று வியாபாரியிடம் சொல்வதற்கும் அதுவே பெயரானது. தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் ‘கொள்முதல் ஆணை’ என்கிறோம். இலங்கையில் ‘கொள்வனவுக் கட்டளை’ என்பார்கள், அங்கே மணியார்டர்கூட காசுக்கட்டளைதான். பொருள் வாங்குவதற்கு இரண்டும் நன்றாகப் பொருந்தும். ஆனால் லாரிக்காரரிடம் நாம் பொருள் வாங்குவதில்லை, இந்தச் சரக்கை இங்கே ஏற்றி அங்கே இறக்கு என்கிறோம், அவ்வளவுதான். அதைத் தொழிலில் இருப்பவர்கள் ‘புக்கிங்’ என்றுதான் சொல்கிறார்கள், அதாவது புத்தகத்தில் எழுதிக்கொள்வது. ரயில் டிக்கெட்டுக்கு நாம் அன்றாடம் சொல்கிற ‘முன்பதிவு’ இதற்கு அப்படியே பொருந்தும்: சரக்கு முன்பதிவு.

அடுத்தது டேட்டா. லத்தீனில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள். தமிழில் ‘தரவு’ என்கிறோம். தா, தரு என்ற வேரிலிருந்து வந்தது, அதுவும் கொடுத்தல்தான். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் இருப்பதை யாப்பு படித்தவர்கள் அறிவார்கள். பழைய சொல்லொன்று புதிய வேலைக்கு இவ்வளவு பொருத்தமாக வந்து சேர்வது அரிது, இதில் திருத்த ஒன்றுமில்லை.

என்ட்ரியில்தான் விஷயமே இருக்கிறது. லத்தீன் ‘இன்ட்ராரே’, உள்ளே நுழைதல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கணக்கு ஏட்டில் ஒரு வரி எழுதுவதற்கும் பெயரானது. கணக்குத் துறையில் தமிழ் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை, குறிப்பேட்டுப் பதிவு, பேரேடு எல்லாம் தெரியும். அங்கே என்ட்ரி என்றால் பதிவு. பதிதல் என்றால் அழுந்தி நிற்பது, தடம் விழுவது. பதிவு அஞ்சல், பத்திரப் பதிவு, திருமணப் பதிவு எதை எடுத்தாலும், எழுதியதற்கு ஒருவர் பொறுப்பு நிற்கிறார் என்ற பொருள் உள்ளே இருக்கிறது. சுங்கத்தில் இறக்குமதிச் சரக்குக்குப் போடும் ‘பில் ஆஃப் என்ட்ரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 சுங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று இறக்குமதியாளர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். என்ட்ரி என்ற சொல் சுமக்கிற எடை அது.

‘உள்ளீடு’ வேறு. உள் + ஈடு. இடு என்ற வினை நீண்டு ஈடு ஆகிறது, கெடு கேடு ஆவதுபோல. முதலீடு, காப்பீடு, வெளியீடு எல்லாம் இதே குடும்பம்தான். உள்ளே இருக்கும் பண்டம் என்பது அதன் பழைய பொருள், ‘உள்ளீடற்ற’ என்று இன்றும் சொல்கிறோமே, அது. கணினித் தமிழ் அதை எடுத்து ‘இன்புட்’டுக்குக் கொடுத்தது, நல்ல தேர்வு. இயந்திரத்துக்குள் எது போனாலும் உள்ளீடு. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோகூட உள்ளீடுதான். ஆனால் அது இன்னும் பதிவு ஆகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் ஆர்டர் என்ட்ரி என்ற மொத்த வேலையும், செயற்கை நுண்ணறிவு நடந்து கடக்கப் பார்ப்பதும் அந்தத் தூரத்தைத்தான்.

கணினிக்கான விவரங்களை அட்டையில் துளைகளாகப் போட்டுக் கொடுத்த துளையட்டைக் காலத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஒருவர் தாளைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்; அப்புறம் அதே தாளை வைத்துக்கொண்டு இன்னொருவர் ‘வெரிஃபையர்’ என்ற இயந்திரத்தில் மறுபடி முழுவதும் தட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு விழும். வெட்டு விழுந்த அட்டைதான் அடுத்த இடத்துக்குப் போகும். முதல் ஆள் இட்டது உள்ளீடு, வெட்டு விழுந்தபிறகு அது பதிவு. மறுபடி தட்டும் வேலையையே ஒழிக்க வேண்டும் என்றுதான் 1970களின் கடைசியிலிருந்து எக்ஸ்12, எடிஃபாக்ட் என்ற மின்னணுத் தரவுப் பரிமாற்ற நெறிகள் வந்தன. ஒரு கம்பெனியின் கணினி இன்னொரு கம்பெனியின் கணினிக்கு ஆர்டரை நேராக அனுப்பிவிடும். பெரிய கப்பல் கம்பெனிகளும் பெரிய கடைகளும் அதற்குள் போய்விட்டன. திருப்பூரில் நாலு தையல் வரிசை வைத்திருக்கிறவர் அதற்குள் போகவில்லை, அவர் இன்றும் வாட்ஸ்அப்பில்தான் எழுதுகிறார். அதனால்தான் தட்டுகிற ஆளும் இன்றுவரை இருக்கிறார்.

சரி, அவர் எழுதுவது எப்படி இருக்கும்? ‘அண்ணா நாளைக்குக் காலையில ஒரு 40 ஹெச்.சி. வேணும், தூத்துக்குடி, போன தடவை மாதிரியே, 9 டன் வரும்’ என்று இரவு பன்னிரண்டு மணி தாண்டி ஒரு செய்தி. நாளைக்கு என்றால் தூங்கி எழுந்த பிறகு வரும் காலையா, அதற்கு அடுத்த நாளா? 40 ஹெச்.சி. என்பது 40 அடி நீளமும் வழக்கத்தைவிடக் கூடுதல் உயரமும் உள்ள ‘ஹை கியூப்’ கன்டெய்னர், இதை ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். போன தடவை மாதிரி என்றால் அதே தொழிற்சாலை வாசலா, அதே கப்பல் கம்பெனியா, இரண்டுமா? இருபது வருஷம் டேபிளில் உட்கார்ந்தவர் இதைப் படித்த உடனே புரிந்துகொள்வார், ஏனென்றால் அந்த வாடிக்கையாளரை அவருக்குத் தெரியும். பழைய எழுத்துணரி மென்பொருள் எழுத்தை அடையாளம் காண்பதோடு நின்றுவிடும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான பெரு மொழி மாதிரிகள் (லார்ஜ் லாங்குவேஜ் மாடல்) வாக்கியத்தைப் படித்து எது எடை, எது ஊர், எது தேதி என்று பிரித்துக் கட்டங்களில் போடுகின்றன. பழைய முன்பதிவுகளையும் கொடுத்தால் ‘போன தடவை’யையும் தேடி எடுக்கின்றன. இது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பிரித்துப் போட்டது சரிதானா? சில கட்டங்களைக் கணக்குப் போட்டே சோதிக்க முடியும். கன்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 6346 தரப்படி நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு 10-இலிருந்து மதிப்பு, 11, 22, 33 மட்டும் விடுபடும். இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. ‘சி.எஸ்.கியூ.யூ. 305438’ என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. இயந்திரம் அதில் 5-ஐ 6 என்று தவறாகப் படித்திருந்தால் தொகை 6249 ஆகி மீதி 1 வந்துவிடும், கடைசியில் 3 இருக்கிறதே என்று உடனே மாட்டிக்கொள்ளும். துளையட்டையின் ஓரத்தில் விழுந்த அந்த வெட்டின் வேலையை இங்கே ஒரு வகுத்தல் செய்கிறது. ஜிஎஸ்டி எண்ணின் 15-ஆவது இடமும் இப்படிப்பட்ட சரிபார்ப்புக் குறிதான்.

ஊர்ப்பெயருக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. மேட்டுப்பாளையம் என்று மட்டும் எழுதியிருந்தால் அது கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையமா, புதுச்சேரியில் தொழிற்பேட்டை இருக்கிற மேட்டுப்பாளையமா? திருப்பூரிலிருந்து முதலாவதற்குப் போனால் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை, இரண்டாவதற்குப் போனால் மாநிலம் தாண்டியது. பெறுநரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33-க்குப் பதில் 34 ஆகும், வரி வகையே மாறும். பின்கோடு கேட்டு வாங்கியிருந்தால் 64-இல் தொடங்குகிறதா 60-இல் தொடங்குகிறதா என்று பார்த்துத் தீர்த்திருக்கலாம், அவசரத்தில் யாரும் எழுதுவதில்லை. எண்களிலும் இதே தொல்லைதான். ஜெர்மன் வாடிக்கையாளர் தாளில் 1.250 கிலோ என்றால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ, நம் ஊர்க் கண்ணுக்கு அது ஒன்றேகால் கிலோ. மொழி மாதிரி அது எந்த நாட்டுத் தாள் என்று கவனித்தால் தப்பிக்கும், கவனிக்காவிட்டால் இல்லை.

இதைவிட மோசம், இல்லாததை இட்டு நிரப்புவது. செய்தியில் எடையே இல்லை என்றால் மனிதர் போன் போட்டுக் கேட்பார். மொழி மாதிரி சில சமயம் நம்பும்படியான ஓர் எண்ணைத் தானே போட்டுவிடும். அதனால் ‘தெரியாத கட்டத்தைக் காலியாக விடு’ என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், எந்தக் கட்டத்தை எந்த வரியிலிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே காட்டவும் வேண்டும். இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் என்ற மின்னணு வழிச்சீட்டு வேண்டும், அதை ஒரு தடவை எடுத்துவிட்டால் சரக்கு விவரத்தைத் திருத்த முடியாது. வண்டி எண்ணை மாற்றலாம், மற்றபடி 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டியதுதான். வழியில் வண்டி நின்றால் பதில் சொல்வது ஓட்டுநர். டேபிளில் உட்கார்ந்து ‘சரி’ பொத்தானை அழுத்தியவர் அங்கே இருக்கமாட்டார், மென்பொருள் விற்றவரும் இருக்கமாட்டார்.

ஆக, சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். செய்தி, பிடிஎஃப், போட்டோ, குரல் துணுக்கு எதுவானாலும் இயந்திரத்துக்குப் போவது உள்ளீடு. அதிலிருந்து இயந்திரம் எடுத்துக் கட்டங்களில் வைத்திருப்பது வரைவு. ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகோ, விதிகள் எல்லாவற்றையும் தாண்டி கம்பெனியே பொறுப்பேற்றுக்கொண்ட பிறகோதான் பதிவு. ஆட்டோமேஷனுக்குத் தமிழ்நாட்டில் தானியக்கம், இலங்கையில் தன்னியக்கம், இரண்டில் எதுவும் சரியே. மொத்தத் தொடருக்கும் நான் ‘செயற்கை நுண்ணறிவுவழிச் சரக்கு முன்பதிவு’ என்று எழுதுவேன், பேச்சில் ‘ஆர்டர் பதிவு’ போதும், ஆர்டரைத் துரத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் ‘உள்ளிடப்பட்டது’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள். ‘வரைவு’, ‘பதிந்தது’ என்று இரண்டு நிலையையும் தனித்தனியாகக் காட்டுங்கள், பார்க்கிறவருக்குத் தான் இன்னும் படித்துப் பார்க்க வேண்டுமா இல்லையா என்பது ஒரு நொடியில் புரியும். டேட்டா என்ட்ரி ஆபரேட்டரைத் ‘தரவு உள்ளீட்டாளர்’ என்று எழுதுவதையும் விடலாம். பதிவாளர் என்றால் பல்கலைக்கழகமும் பத்திர அலுவலகமும் நினைவுக்கு வரும், பதிவர் என்றால் இணையத்தில் எழுதுகிறவர். ‘பதிவு எழுத்தர்’ என்று போடுங்கள். தட்டும் வேலை குறைந்து, இயந்திரம் தந்த வரைவைப் படித்துத் திருத்தி ஒப்புக்கொள்ளும் வேலையாக அது மாறினாலும் அந்தப் பெயர் செல்லும்.