கிண்ணம் நிறைந்திருந்தது, கிளி பட்டினி கிடந்தது

கல்லடியிலிருந்து ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். மகளின் கையில் சப்பாத்துப் பெட்டி, தந்தையின் கையில் வெறுங்கூடு. பெட்டிக்குள் நீல நிறப் பட்ஜி ஒன்று, நம் ஊரில் எல்லோரும் ‘லவ்பேர்ட்ஸ்’ என்று சொல்லும் அந்தச் சின்னக் கிளி. இறகுகளை உப்பிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

“நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, டொக்டர்.”

நெஞ்சில் விரலை வைத்தேன். இரு பக்கமும் சதை இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. நடு எலும்பு கத்தி விளிம்புபோலத் தட்டுப்பட்டது. தராசு 23 கிராம் காட்டியது. சாதாரணமாக 30 முதல் 40 கிராம் வரை இருக்க வேண்டிய பறவை. ஒரே இரவில் எந்தக் கிளியும் இப்படி உருகிப்போகாது. அரை மணி நேரத்தில் செத்துவிட்டது. இந்த மாதத்தில் இது நான்காவது. நான்கு வீட்டாரும் சொன்னது அதே ‘நேற்று வரைக்கும்’தான்.

“சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தது?” என்றாள் மகள். கூட்டில் தீனிக் கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. மெல்ல ஊதினேன். மேசையெல்லாம் உமி பறந்தது. அடியில் ஏழெட்டுத் தினை மணிகள் கிடந்தன.

இதைத்தான் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கிளி மணியை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அது நிறைந்த கிண்ணம். நல்ல ஆரோக்கியமான கிளிகூட இப்படிப் பட்டினியால் செத்திருக்கிறது. நோயுற்ற கிளி இதற்கும் ஒருபடி மேலே போகும்: ஆள் வந்ததும் கிண்ணத்தில் குனிந்து மணிகளைக் கொறிக்கும், உமியை உதிர்க்கும், விழுங்காது. காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட பறவையை வல்லூறு முதலில் தூக்கிவிடும். அந்தப் பயம் கூட்டிலும் அதை விட்டுப் போவதில்லை. அதனால் கிண்ணத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தினமும் காலையில் ஊதிப் பாருங்கள்.

இரண்டாவது, கூட்டின் அடியில் பத்திரிகைத் தாள் விரித்து நாள்தோறும் மாற்றுங்கள். நல்ல எச்சத்தில் பச்சைச் சுருள், வெள்ளைச் சுண்ணாம்பு, கொஞ்சம் நீர் என்று மூன்றும் தெரியும். எச்சம் குறைந்து கரும்பச்சையாகிவிட்டால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை கிளியின் எடையை நிறுத்துப் பாருங்கள். கேக் செய்ய வைத்திருக்கும் தராசே போதும். கொண்டை வைத்த கிளியான கொக்கடேல் 90 கிராமிலிருந்து 81க்கு இறங்கினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். பகலில் உப்பிக்கொண்டு தூங்கும் கிளியைப் பார்த்து ‘குளிர்கிறதுபோல’ என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். மட்டக்களப்பில், அதுவும் கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் காலத்தில், எங்கிருந்து வரும் குளிர்?

வீட்டு ஆபத்துகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது குசினி. காத்தான்குடியில் ஒரு வீட்டில் நொன்ஸ்டிக் தாச்சியை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போயிருக்கிறார்கள். பக்கத்து அறையில் இருந்த இரண்டு கொக்கடேல்களும் செத்துக் கிடந்தன. வீட்டில் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. அளவுக்கு மீறிக் காய்ந்த டெப்லோன் பூச்சின் புகை பறவைக்கு நஞ்சு. அது மனிதரின் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. நுளம்புத்திரி, சாம்பிராணி, பூச்சி மருந்து எதுவும் கூட்டருகே வேண்டாம். நுளம்புக்குக் கூட்டைச் சுற்றி வலை கட்டுங்கள். அவகாடோ, சொக்லேட், உப்பு மிக்சர் கொடுக்காதீர்கள். கிளியை வெளியே விடும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள்.

கடைக்காரர் கொடுத்த கெப்சியூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கும் வைத்தியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 60 கிலோ மனிதருக்கு அளந்த மருந்து அது. நோயுற்ற கிளி பெரும்பாலும் சரியாகத் தண்ணீர் குடிக்காது என்பது வேறு கதை. என்னிடம் வரும்வரை பெட்டியின் ஒரு பக்கத்தில் இளஞ்சூடு கொடுங்கள், இருட்டாக வையுங்கள். நெஞ்சை அழுத்திப் பிடிக்காதீர்கள். அது விரிந்தால்தான் பறவைக்கு மூச்சு.

உங்களுக்கே நாள்கணக்கில் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால், வீட்டில் கிளி வளர்ப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சிட்டகோசிஸ் என்ற நோய் கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் எல்லோரும் முதலில் டெங்குவைத்தான் தேடுவார்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வரும்போது கூட்டைக் கழுவாதீர்கள். அந்தத் தந்தை அடித்தட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். அழுக்கோடு கொண்டுவர வெட்கமாக இருந்ததாம். மூன்று நாள் எச்சம் அதில் இருந்திருக்கும். கிண்ணத்தை மட்டும் அவர் தொடவில்லை, நிறைந்திருந்ததால்.