கூடுதல் குரோமோசோம் யார் வழி வந்தது?

21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது, அதாவது டவுன் சிண்ட்ரோம் என்று கேரியோடைப் (குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் உறுதிசெய்ததும், குழந்தையின் இதயத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே வரும் கேள்வி: "இது யார் வழியில வந்தது டாக்டர்?" பெரும்பாலும் கேட்பவர் மாமியார். பதிலை அவர் ஏற்கெனவே முடிவுசெய்திருப்பார்.

கண்டுபிடிக்க முடியும். டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும்; எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். 21-ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் அப்பாவுக்கு 12, 15. அம்மாவுக்கு 11, 14 என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு 11, 14, 15 மூன்றும் இருந்தால், அம்மாவின் இரண்டும் வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஓரிடத்தை, அதாவது ஒரே மார்க்கரை, நம்பி எழுதிவிடக் கூடாது. அதுவும் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் என்றால் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை அமைந்து, பல மார்க்கர்கள் உதவாமல் போகலாம். இன்னொன்று: குழந்தையிடம் அப்பாவின் எண் எதுவுமே இல்லாமல் போகவும் கூடும். அந்தச் சங்கடத்தை ரத்தம் எடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அப்பா வழி சுமார் 20 சதவீதம் என்று கணித்தார்கள். 1991-இல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வு அதைச் சுமார் 5 சதவீதமாக்கியது. மீதி அம்மா வழி. மாமியார் சொன்னதே சரியா? இல்லை. கருமுட்டை தன் பிரிவைத் தொடங்குவது, அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே. பாதியில் நின்று, பல ஆண்டுகள் கழித்துத்தான் தொடரும். அந்தக் காத்திருப்பில் குரோமோசோம் ஜோடி சரியாகப் பிரியாமல் போவதற்கு அவள் சாப்பிட்டதோ, கிரகணத்தில் வெளியே போனதோ காரணமில்லை. வழக்கமான ட்ரைசோமி 21-இல் (மூன்றாவது 21 தனியாக இருக்கும் வகை) யார் வழி என்று தெரிந்தாலும் சிகிச்சை மாறாது. அதனால் இந்தப் பரிசோதனையை நான் எழுதுவதில்லை. ரிப்போர்ட்டில் டிரான்ஸ்லொகேஷன் (கூடுதல் 21 வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருப்பது) என்றிருந்தால் மட்டும் கணவன், மனைவி இருவருக்கும் கேரியோடைப் கட்டாயம்.

15-ஆம் குரோமோசோமின் கதை வேறு. அதில் சில மரபணுக்கள் அப்பாவிடமிருந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும். இரண்டு 15-உம் அம்மாவிடமிருந்தே வந்துவிட்டால், எண்ணிக்கை சரியாக இருந்தும் பிராடர்-வில்லி சிண்ட்ரோம் வரும்: பிறந்தபோது பால் குடிக்கவே தெம்பில்லாத குழந்தை, சில வருடங்களில் அடங்காப் பசி. கேரியோடைப் 'நார்மல்' என்றே சொல்லும். மரபணுக்களின் மேலுள்ள வேதிக் குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷன் பரிசோதனை நோயைப் பிடிக்கும். ஆனால் அப்பாவின் 15-இல் ஒரு துண்டு விடுபட்டதா, இரண்டும் அம்மாவுடையதா என்று பிரித்தறிந்தால்தான் அடுத்த குழந்தைக்கான அபாயத்தைக் கணிக்க முடியும். இங்கே யார் வழி என்று நானே கேட்பேன்.