ஆலோசகர் பணிக்கான சுயவிவரம்: தேர்வுக் குழு எதைத் தேடுகிறது?

ஆலோசகர் பணியிடங்களுக்கான தேர்வுக் குழுவில் அமரும்போதும், முதுகலை முடிக்கும் மாணவர்களின் சுயவிவரங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும்போதும் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. விண்ணப்பிப்பவர் தாம் எப்படிப்பட்டவர் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். என்ன வேலை செய்தார் என்பதை எழுதவில்லை. "பொறுமையாகக் கேட்பவர், பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்பவர், சேவை மனப்பான்மை உடையவர்" என்ற வரிகள் ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களிலும் இருப்பதால், அவற்றை வைத்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வழியே இல்லை. யாருக்கு ஆலோசனை அளித்தீர்கள், எந்தச் சூழலில், யாருடைய மேற்பார்வையில், எந்த எல்லைவரை என்ற கேள்விகளுக்குச் சுயவிவரம் நேராக விடை சொல்லிவிட்டால், பொறுமையும் புரிதலும் உங்களிடம் இருக்கின்றனவா என்பதைப் படிப்பவரே கண்டுகொள்வார்.

முதலில், எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நம் ஊரில் ஆலோசகர் என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. சிபிஎஸ்இ 2018ஆம் ஆண்டு வெளியிட்ட இணைப்பு விதிகள், ஆலோசகராகவும் நலவாழ்வு ஆசிரியராகவும் செயல்படும் ஒருவரை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் நியமிக்க வேண்டும் என்கின்றன. எனவே அத்தகைய பள்ளி தேடுபவர் அறைக்குள் அமர்ந்து தனி ஆலோசனை அளிப்பவர் மட்டுமல்லர், வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கக்கூடியவரும்கூட. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் வேலை வேறு. அங்கே எச்ஐவி பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை அளிப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் தகவலறிந்த ஒப்புதலின் ஒரு பகுதி. ஆகவே பதிவேடுகளைச் சரியாகப் பராமரித்த அனுபவமும் ரகசியம் காத்த அனுபவமும் முதலில் கவனிக்கப்படும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் பணிக்குப் போகிறவர் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தையும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். களப்பயணம் செல்ல ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். 14416 என்ற எண்ணில் இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் போன்ற தொலைபேசிச் சேவைகளிலோ, முகம் பார்க்காமல், குரலை மட்டும் கொண்டு நெருக்கடியை மதிப்பிடத் தெரிந்தவரே தேவைப்படுகிறார். சுழற்சி முறைப் பணிக்கும் இரவுப் பணிக்கும் ஒத்துக்கொள்பவரா என்பதும் பார்க்கப்படும்.

இந்த நான்கு இடங்களுக்கும் ஒரே கோப்பை அனுப்புவதுதான் பலரும் செய்வது. புதிதாக எதையும் கற்பனை செய்து சேர்க்க வேண்டியதில்லை. உங்களிடம் ஏற்கெனவே உள்ள அனுபவத்தில் எது அந்தப் பணிக்கு நெருக்கமானதோ அதை முதல் பக்கத்தின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்தாலே போதும். அரசுத் திட்டங்களின் கீழ் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியத்துடன் அறிவிக்கப்படும் பணிகளில் விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் அறிவிப்போடு தரப்பட்டிருக்கும். அங்கே படிவத்தை அப்படியே நிரப்பிச் சான்றிதழ் நகல்களை இணைக்க வேண்டும். அழகாக வடிவமைத்த சுயவிவரம் படிவத்துக்கு மாற்றாகாது.

பணி அனுபவத்தை எழுதும் முறையைச் சற்று அருகில் பார்க்கலாம். "ஒரு தனியார் பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கினேன்" என்ற வரி உண்மையாக இருக்கலாம். ஆனால் அது எதையும் சொல்லவில்லை. அதே அனுபவத்தை இப்படி எழுதலாம்: "முதுகலை இரண்டாம் ஆண்டுக் களப்பயிற்சி, வாரம் இரண்டு நாள், ஒரு கல்வி ஆண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்பு மாணவர்களுக்குத் தேர்வு அச்சம், சக மாணவர் உறவு, கைப்பேசிப் பயன்பாடு ஆகியவை குறித்துத் தனி ஆலோசனையும் குழு அமர்வும். பள்ளி ஆலோசகரின் நேரடி மேற்பார்வையில் பணி. வாரந்தோறும் மேற்பார்வை அமர்வில் பங்கேற்பு. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டபோது மேற்பார்வையாளருக்கு உடனே தெரிவித்து, மனநல மருத்துவரிடம் பரிந்துரைக்கும் நடைமுறையில் உடனிருந்தேன்." இந்த ஐந்து வாக்கியங்களைப் படிக்கிற ஒருவருக்கு நீங்கள் மாணவராக இருந்தபோதே எதைத் தனியாகச் செய்தீர்கள், எதைத் தனியாகச் செய்யவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. கடைசி வாக்கியத்தில் "உடனிருந்தேன்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "நெருக்கடிநிலை ஆலோசனை வழங்கினேன்" என்று எழுதுவதைவிட அது பல மடங்கு மதிப்புடையது, ஏனென்றால் தம் எல்லையை அறிந்தவரை நம்பி ஒரு நிறுவனம் பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

மேற்பார்வை பெற்றதைக் குறிப்பிடுவது தம்மைத் தாழ்த்திக்கொள்வதாகும் என்று நினைத்துப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நான் முதலில் தேடுவதே அதைத்தான். அனுபவம் மிக்க ஆலோசகர்களும் மேற்பார்வை பெறுவது இத்துறையின் ஒழுங்கு. யாரிடமும் மேற்பார்வை பெறாமல் பல ஆண்டுகள் பணிசெய்ததாக ஒருவர் எழுதினால், அந்த ஆண்டுகளைக் கேள்வியுடன்தான் அணுக வேண்டியிருக்கிறது.

அடுத்ததாக ரகசியம். வேறு பல துறைகளின் சுயவிவரங்களில் இல்லாத ஆபத்து இது. தம் திறமையைக் காட்டும் ஆர்வத்தில், "இன்ன பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி, பெற்றோர் பிரிந்தவர், கையை அறுத்துக்கொள்ளும் பழக்கத்திலிருந்து மீட்டேன்" என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் சொல்லவில்லையே என்பது அவர்களுடைய சமாதானம். ஆனால் பள்ளியின் பெயரும் பணிபுரிந்த ஆண்டும் இரண்டு வரிக்கு மேலே இருக்கின்றன. அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் படித்தால் அந்தப் பிள்ளை யாரென்று கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தம்மைப் பற்றிய தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படுவதைச் சேவை பெறுபவரின் உரிமையாக வைத்திருக்கிறது. போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடைசெய்கின்றன. சுயவிவரம் ஊடகம் அல்ல என்று வாதிடலாம். ஆனால் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பு எத்தனை கைகளுக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. பிரச்சினைகளை வகைகளாக மட்டும் எழுதுங்கள். தனி ஒருவரின் கதையாக எழுதாதீர்கள். சேவை பெற்றவர் எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதத்தையோ, அமர்வில் எடுத்த புகைப்படத்தையோ இணைக்கவே கூடாது. இப்படி எழுதியவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அவரை நேர்காணலுக்கு அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. நாளை நம்மிடம் வருகிறவர்களின் கதையும் இன்னொரு விண்ணப்பத்தில் இடம்பெறலாம் அல்லவா?

கல்வித் தகுதியில் பட்டத்தின் முழுப் பெயர், பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு, நேரடிப் படிப்பா தொலைதூரக் கல்வியா என்பவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். பதவிப் பெயர்களில் கூடுதல் கவனம் தேவை. மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் தம்மைக் குறிப்பிட வேண்டுமானால், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பட்டத்தின் பெயரில் 'கிளினிக்கல்' என்ற சொல் இருப்பதாலேயே அந்தத் தகுதி வந்துவிடாது. பதிவு எண் இருந்தால் பெயருக்குக் கீழேயே எழுதுங்கள். இல்லையென்றால் ஆலோசகர் என்றே எழுதுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்களையும் எச்ஐவி, குடும்பநல ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அட்டவணையில் தொழிலின் பெயர் இருப்பது வேறு, நீங்கள் பதிவு பெற்றிருப்பது வேறு என்பதால், பதிவுச் சான்று கையில் இல்லாமல் "அரசு பதிவு பெற்ற ஆலோசகர்" என்று எழுதுவது பொய்யாகிவிடும்.

ஒருநாள், இருநாள் பயிலரங்குச் சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிப் பயிலரங்குகள் பெருகியபின், இரண்டு பக்கங்களுக்குச் சான்றிதழ்களை மட்டுமே அடுக்கியிருக்கும் சுயவிவரங்கள் வருகின்றன. இரண்டு மணி நேர இணைய உரையைக் கேட்டவர் "சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) பயிற்சி பெற்றவர்" ஆகிவிட மாட்டார். விண்ணப்பிக்கும் பணிக்குத் தொடர்புடைய மூன்று நான்கு பயிற்சிகளை, அவற்றின் கால அளவுடன் எழுதினால் போதும். உளவியல் சோதனைகளைப் பட்டியலிடுபவர்களும் அப்படியே. நடத்தவும் மதிப்பிடவும் முறையாகக் கற்றவற்றை மட்டும் எழுத வேண்டும், வகுப்பில் பெயர் கேள்விப்பட்டவற்றை அல்ல.

தன்னார்வப் பணிக்கு நல்ல மதிப்பு உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா போன்ற தற்கொலைத் தடுப்பு மையத்தில் அழைப்புகளைக் கேட்டிருந்தால் அதைத் தன்னார்வக் கேட்புப் பணி என்றே குறிப்பிடுங்கள். உளச்சிகிச்சை என்று பெயர் மாற்றினால், விவரம் அறிந்தவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். திருமணம், பிள்ளைப்பேறு, வீட்டில் முதியோரைக் கவனித்தல் ஆகிய காரணங்களால் இடைவெளி விழுந்த பெண்கள் அதை மறைக்க மிகவும் பாடுபடுகிறார்கள். "2019 முதல் 2022 வரை குடும்பப் பொறுப்பு காரணமாகப் பணியில் இல்லை" என்ற ஒரு வரி போதும். அதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். தாமே மன அழுத்தத்திலிருந்து மீண்ட கதையைச் சிலர் நோக்கவுரையில் எழுதுகிறார்கள். அந்த அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதை யாரிடம், எப்போது சொல்வது என்ற முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும், முன்பின் அறியாத ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியில் அல்ல.

மொழித்திறன் என்ற தலைப்பில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதாமல், எந்த மொழியில் முழு அமர்வை நடத்த முடியும் என்பதைச் சொல்லுங்கள். ஓசூரிலோ ஆம்பூரிலோ உள்ள பணிக்குத் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசத் தெரிவது தேர்வையே மாற்றலாம். களப்பணி உள்ள இடங்களுக்கு இருசக்கர வாகன உரிமம் இருப்பதையும் குறிப்பிடலாம். தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பும்போது சாதி, மதம், தந்தை பெயர், ஆதார் எண் போன்றவை தேவையில்லை.

தொடக்கநிலையில் உள்ளவருக்கு இரண்டு பக்கம் தாராளம். தமிழில் தட்டச்சு செய்வதானால் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்தி, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பு இன்னொரு கணினியில் திறக்கும்போது வெறும் குறியீடுகளாகத் தெரிகிறது, அதைத் திருப்பிக் கேட்டு வாங்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பரிந்துரையாளர்களாக உங்களை நேரில் மேற்பார்வை செய்த இருவரை, அவர்களுடைய அனுமதியைப் பெற்ற பிறகே குறிப்பிடுங்கள்; எந்தப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவையுங்கள், ஏனெனில் நேர்காணலுக்கு அழைக்கும் முன்பே நாங்கள் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவது வழக்கம்.